பென்சிலுக்கு மட்டும் பெயர் போடுவதா?

பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவற்றை ஏலம் விடுகிறவர்கள், அருங்காட்சியகத்தில் விளக்குப் போட்டு நிறுத்துகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். இத்தாலியில் ஒரு மேதை இருந்தார். வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு காராக மாறியது. எஞ்சின் செய்தவர் அதற்கு உயிர் கொடுத்தார், தகடு தட்டியவர் சொன்னதைச் செய்தார், அழகு மட்டும் அந்த ஒருவருடையது. இந்தக் கதை எத்தனை முறை சொல்லப்பட்டுவிட்டதென்றால், கார் பார்த்துப் பழகாதவர்கள்கூட ‘டிசைனர் யார்?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

இந்தக் கதை அடிப்படையிலேயே தவறு என்பது என் கட்சி. அந்தக் கார்களில் நாம் வியக்கும் வளைவுகள் பெரும்பாலும் மூன்று தரப்பின் இழுபறியில் பிறந்தவை: சேசிஸையும் எஞ்சினையும் அமைத்த என்ஜினீயர், கோடு வரைந்தவர், அலுமினியத்தைத் தட்டி எடுத்தவர். சில கார்களில் நடுவில் உள்ளவர் இருந்ததே இல்லை. அப்படி ஒருவர் இல்லாமலே செய்யப்பட்ட காரைத்தான் உலகம் இன்று ஓவியரின் கைவண்ணம்போலக் கொண்டாடுகிறது.

அன்றைய தொழில்முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். கார் நிறுவனம் சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளும். பாடி கட்டுவது வேறு பட்டறையின் வேலை. கரூருக்கு வெறும் சேசிஸாகப் போன பஸ் பாடியோடு திரும்பி வருவதைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. மிலானில் டூரிங், ஜகாட்டோ. டூரினில் பினின் ஃபரினா, பெர்டோனே, வின்யாலே, கியா. மொடெனாவில் ஸ்காலியெட்டி, ஃபாண்டுட்ஸி. ஒரே சேசிஸுக்கு இரண்டு மூன்று பட்டறைகள் வெவ்வேறு உடல் கட்டியதும் உண்டு.

எதிர்க்கட்சிக்கு மிகவும் பிடித்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஃபெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை செய்யப்பட்டவை 36. 2018 ஆகஸ்டில் மான்டரேயில் நடந்த ஏலத்தில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொன்று 5 கோடியே 17 லட்சம் டாலரைத் தொட்டது. 2019ல் இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் இந்தக் காரின் வடிவம் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட வேண்டிய கலைப்படைப்பு என்று கூறியது. மொடெனாவில் ஒரு நிறுவனம் அதன் நகலைச் செய்யத் திட்டமிட்டபோது ஃபெராரி தொடுத்த வழக்கு அது. நகல் வணிகத்தைத் தடுக்கச் சட்டத்துக்கு அந்த வழி தேவைப்பட்டிருக்கலாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கலைப்படைப்பு என்றால் அதைப் படைத்தவர் என்று ஒருவரைக் காட்ட வேண்டுமே, யாரைக் காட்டுவது?

நடந்தது இது. 1961ல் ஜியோட்டோ பிட்ஸாரினி என்ற ஃபெராரி என்ஜினீயர், 250 ஜிடியின் குட்டை சேசிஸை வைத்துக்கொண்டு ஒரு சோதனைக் காரை உருவாக்கினார். ஜாகுவார் ஈ-டைப் வந்துவிட்ட நேரம். பந்தயத்தில் பழைய 250 ஜிடியின் மொண்ணை மூக்கு நேர்ச்சாலையில் காற்றை இடித்துக்கொண்டு நின்றது. எஞ்சினைக் கீழே இறக்கிப் பின்னுக்குத் தள்ளினார். இறக்கியதால் பானெட்டைத் தாழ்த்த முடிந்தது. மூக்கை நீட்டினார். பீசா பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தையும் பயன்படுத்தினார். அந்தச் சோதனைக் கார் மோன்சா ஓடுதளத்துக்கு வந்தபோது தகடுகள் ஒட்டுப்போட்டாற்போல இருந்தன. அதற்கு ஆட்கள் வைத்த பட்டப்பெயர் ‘பூதம்’. அழகை நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. காற்றுக்கு வழிவிடச் செய்தார்கள்.

அந்த ஆண்டு முடியுமுன் ஃபெராரியின் மரனெல்லோ ஆலையில் பெரிய பூசல். கார்லோ கீட்டி, பிட்ஸாரினி உள்ளிட்ட முக்கியமானவர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். வேலை பாதியில் நின்றது. மிச்சத்தை 26 வயது மவுரோ ஃபோர்கியேரியிடம் என்ஸோ ஃபெராரி ஒப்படைத்தார். ஃபோர்கியேரி பின் அச்சின் ஆட்டத்தை அடக்கும் வேலையில் இறங்க, உடலைச் சீராக்கி முடித்தவர் செர்ஜியோ ஸ்காலியெட்டி. 1962 பிப்ரவரியில் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தியபோது, இன்று அந்தக் காரின் அடையாளமாகச் சொல்கிறோமே, பின்னால் வாத்து வால்போல மேலெழும் அந்த விளிம்பு, அது இல்லை. அதிவேகத்தில் பின்பக்கம் லேசாகிறது என்பதால் பிறகு தனித் தகடாகச் செய்து போல்ட் போட்டுப் பொருத்தினார்கள். அடுத்தடுத்த கார்களில்தான் அது உடலோடு ஒன்றாகச் சேர்ந்தது. மூக்கில் அரைவட்டமாக மூன்று துளைகள் இருக்கின்றன; ரேடியேட்டருக்குக் கூடுதல் காற்று வேண்டிய நாளில் திறக்கவும் மற்ற நாளில் மூடவுமான மூடிகள் அவற்றுக்கு உண்டு.

இதில் ஓவியர் எங்கே வருகிறார்? நிழல்வடிவம் ஓர் என்ஜினீயருடையது, அவர் முடிக்குமுன் போய்விட்டார். ஓட்டத்தைத் திருத்தியது இன்னொரு என்ஜினீயர். வளைவுகளுக்கு இறுதி வடிவம் தந்தது ஒரு பட்டறைக்காரரும் அவருடைய ஆட்களும். எந்த டிசைன் ஸ்டுடியோவின் தாளிலிருந்தும் இந்தக் கார் இறங்கி வரவில்லை.

ஸ்காலியெட்டியைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டால் இந்த வாதத்தில் பாதி முடிந்துவிடும். 1920ல் மொடெனாவில் பிறந்தவர். தந்தை இறந்ததும் 13 வயதில் பட்டறை வேலைக்குப் போனவர். எந்தக் கலைப் பள்ளியிலும் படித்தவரில்லை. அடிபட்டு வந்த பந்தயக் கார்களின் மட்கார்டுகளைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்த அவருடைய வேலை என்ஸோவின் கண்ணில் பட்டது. 1950களிலிருந்து ஃபெராரியின் பந்தயக் கார்களுக்குப் பெரும்பாலும் அவர்தான் பாடி கட்டினார். பல கார்களை வரைபடம் இல்லாமலே செய்தார். மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி, கம்பியாலும் மரத்தாலும் செய்த வடிவச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்துத் தட்டி, கேஸ் வெல்டிங்கில் சேர்த்து, அரம் போட்டு இழைத்து முடிப்பார்கள்.

இதைப் படிக்கிறவர் ‘சரி, கைவேலைதானே’ என்று கடந்துவிடக் கூடாது. அலுமினியம் தட்டத் தட்ட இறுகும். இறுகிய தகட்டை மேலும் தட்டினால் கீறல் விழும். நடுவில் சூடேற்றி இளக்க வேண்டும். இரும்பு சிவந்து காட்டும். அலுமினியம் அப்படி எந்த நிறத்தையும் காட்டாது, கண்ணெதிரே திடீரென்று உருகி ஓடிவிடும். அதற்குத் தகடு தட்டுகிறவர்கள் கண்ட வழி, அசிட்டிலின் சுடரின் கரியைத் தகட்டின் மேல் பூசி, பிறகு மெதுவாகச் சூடேற்றுவது. கரி மறையும் நேரம் தகடு இளகிவிட்டது என்று பொருள். எங்கே விரிக்க வேண்டும், எங்கே சுருக்க வேண்டும், எந்த இடத்தில் இரண்டு வளைவுகள் ஒன்றோடொன்று மோதாமல் கலக்க வேண்டும் என்பதெல்லாம் கையிலும் காதிலும் கண்ணிலும் இருக்கும் அறிவு. தாளில் வரைந்த பக்கவாட்டுத் தோற்றத்தில் மட்கார்டின் மேல்கோடு மட்டுமே இருக்கும். அந்தக் கோட்டிலிருந்து கதவுக்குள் வழிந்து இறங்கும் பரப்பு முழுவதையும் முடிவுசெய்தது யார்? வெளிச்சம் விழுந்து நம்மை நிறுத்திவைப்பது அந்தப் பரப்புத்தானே!

ஸ்காலியெட்டியின் கைக்கு வேறு சாட்சியும் உண்டு. 1957, 58ல் வந்த 250 டெஸ்டா ரோஸாவின் முன் மட்கார்டுகள் உடலிலிருந்து பிரிந்து, தோணிகள்போல இரண்டு பக்கமும் தனியாக நிற்கும். புகைப்படப் புத்தகங்கள் இதை வீரச் சிற்பம் என்று வர்ணிக்கின்றன. காரணம் பிரேக். டிரம் பிரேக்குகள் நீண்ட பந்தயத்தில் கொதித்துப் பிடிப்பை இழக்கும். அவற்றுக்குக் காற்று வேண்டும். அதற்காக நடுவிலே வெட்டி வழி விட்டார்கள். 1958ல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை டெஸ்டா ரோஸாதான் வென்றது. ஆனால் அந்த மட்கார்டு காற்றைக் கிழிப்பதில் மோசம் என்பதால் ஃபெராரி அதை விரைவிலேயே கைவிட்டது. இன்று அழகின் உச்சம் என்று சொல்லப்படுவது, வேலைக்கு ஆகவில்லை என்று செய்தவர்களே கழற்றிப்போட்ட ஒன்று.

இங்கே எதிர்க்கட்சியினர் லம்போர்கினி மியூராவைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் அந்தக் காரை வைத்தபோது பார்த்தவர்கள் மயங்கிப்போனார்கள். வரைந்தவர் மார்செல்லோ காண்டினியா, அவருக்கு முன் பெர்டோனேயில் இருந்த ஜோர்ஜெட்டோ ஜுஜாரோவா என்று அரை நூற்றாண்டாக வழக்கு நடக்கிறது. ஜுஜாரோ 1965ல் பெர்டோனேயை விட்டுப் போனார், காண்டினி அந்த இடத்துக்கு வந்தார், வேலை மாதக்கணக்கில் அவசரமாக முடிந்தது. ஆகவே இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. எத்தனை கட்டுரைகள், எத்தனை பேட்டிகள்! அத்தனையும் ‘எந்தப் பென்சில்?’ என்ற கேள்வியைச் சுற்றியே ஓடுகின்றன.

மியூராவின் உருவத்தை ஜெனீவாவுக்கு நான்கு மாதம் முன்பே முடிவுசெய்துவிட்டார்கள். 1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் லம்போர்கினி வைத்தது உடலே இல்லாத வெறும் சேசிஸ். ஜான்பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்ஸானி என்ற முப்பதைத் தொடாத இரண்டு என்ஜினீயர்கள், 12 சிலிண்டர் எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காகத் திருப்பி வைத்திருந்தார்கள். நீளவாட்டில் வைத்திருந்தால் கார் நீண்டுபோயிருக்கும். குறுக்கே வைத்ததால்தான் அந்தக் கச்சிதமும், இடுப்பளவுக்குச் சற்று மேலான உயரமும், பின்சக்கரத்தின் மேல் திரண்டு எழும் தோளும் கிடைத்தன. பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் உள்ள கறுப்புச் சட்டங்கள், எஞ்சினின் அனலை வெளியேற்றிக்கொண்டே ஓட்டுநருக்குப் பின்புறத்தைக் கொஞ்சமாவது காட்டுவதற்காக. முன்விளக்கு சாதாரண ஃபியட் 850 ஸ்பைடரிலிருந்து எடுத்தது. அந்த விளக்கைச் சுற்றி இமைமயிர்போலச் சட்டம் வைத்து அதைக் கண்ணாக்கியது பெர்டோனேயின் கை; அங்கே வரைந்தவருக்கு முழுப் பெருமையும் சேரட்டும். அதே காரில் பெட்ரோல் டேங்கை முன்னால் வைத்ததால், எண்ணெய் குறையக் குறைய மூக்கு லேசாகி அதிவேகத்தில் மேலெழப் பார்த்தது. வடிவத்தின் புகழைத் தனியே பிரித்து ஒருவருக்குக் கொடுத்தால், இந்தக் குறையை யார் கணக்கில் எழுதுவது?

2024ல் மறைந்த காண்டினியே, தன் ஆர்வம் தோற்றத்தைவிடக் காரின் கட்டமைப்பிலும் இயங்குமுறையிலும்தான் என்று சொல்லியிருக்கிறார். அவரை நான் மிகவும் மதிக்கிறேன். கௌன்டாச் காரின் கதவை மேல்நோக்கித் திறக்க வைத்ததில் அவருடைய துணிச்சல் தெரிகிறது. அவர்பேரால் மற்றவர்களை மறைக்கிறவர்கள் அவருடைய பேச்சைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

இத்தாலிக்கு வெளியிலும் இதே நிலைதான். மெர்சிடிஸ் 300 எஸ்எல்லின் இறக்கைக் கதவைக் கற்பனையின் பறத்தல் என்கிறார்கள். எடை குறைக்க மெல்லிய குழாய்களைப் பின்னிச் சட்டம் கட்டியதால் பக்கச்சுவர் உயர்ந்துவிட்டது, வழக்கமான கதவுக்கு இடமில்லை, கூரையில் கீல் போட்டார்கள். ஜாகுவார் ஈ-டைப்பின் வளைவுகளைக் கணக்குப் போட்டு எடுத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். ஸ்டைலிஸ்ட் என்று அழைத்தால் அவருக்குப் பிடிக்காது. ஆஸ்டன் மார்டின் டிபி4, டிபி5 கார்களின் பானெட்டில் ‘சூப்பர்லெஜெரா’ என்று எழுதியிருக்கும். அது 1936ல் மிலானின் டூரிங் பட்டறை காப்புரிமை பெற்ற கட்டுமான முறை. சிறு எஃகுக் குழாய்களால் உருவச் சட்டம் செய்து, அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். குழாய் எப்படி வளையுமோ அப்படித்தான் கோடு ஓடும்.

வடிவமைப்பாளருக்கே இந்தக் கதை அநியாயம் செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951ல் எட்டுக் கார்களைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தது. அதில் ஒன்று 1947ல் பிறந்த சிசிடாலியா 202. பெயர்ப்பலகை பினின் ஃபரினாவுக்கு. அந்தக் காரின் அடிப்படை வடிவத்தில் சிசிடாலியாவின் என்ஜினீயர் ஜொவான்னி சவொனுட்ஸிக்கு இருந்த பங்கு பலகையில் ஏறவில்லை. பட்டறை முதலாளியின் பெயரே கலைஞரின் பெயராக நின்ற காலம் அது; உள்ளே உட்கார்ந்து வரைந்தவர்கள் பல்லாண்டு பெயரில்லாமல் இருந்தார்கள். பிற்பாடு அவர்கள் பெயர்கள் வெளிவந்தது நல்லதுதான். ஆனால் ஒரு நாற்காலியில் இருந்தவரை இறக்கி இன்னொருவரை உட்காரவைத்ததோடு விஷயம் முடிந்துவிட்டது. நாற்காலி ஒன்றுதான் என்பது மாறவில்லை.

ஜொவான்னி மிகெலோட்டியைப் பாருங்கள். வின்யாலேயின் பட்டறைக்கு ஏராளமான ஃபெராரிகளை வரைந்தவர். அவருடைய ஒரு படைப்பு சென்னையில் தயாராகி நம் சாலைகளில் ஓடியது: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1959ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்ததை 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் செய்தது. அந்தக் காருக்கு 1950களின் இறுதியில் தனி சேசிஸ் ஏன் வந்தது? ட்ரையம்புக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953ல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லாததால், உடலைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து சேசிஸில் போல்ட் போட்டு இணைக்கும்படி அமைத்தார்கள். முன்பக்கம் முழுவதும் ஒன்றாகத் திறக்கும் அந்த பானெட், துண்டுகள் சேரும் இடங்களில் ஓடும் கோடுகள், எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த வியாபாரச் சிக்கல் நிற்கிறது. மிகெலோட்டி அதை எதிர்த்து வரையவில்லை. அதற்குள் நின்று அழகாக்கினார். பிரித்து அனுப்பி வேறு நாட்டில் கோக்கவும் அந்த அமைப்பு தோதாக இருந்தது. அவருடைய திறமையைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி வேண்டும். வெள்ளைத்தாள் மேதை என்று சொல்லிவிட்டால் அவர் செய்த கடினமான காரியமே மறைந்துவிடுகிறது.

மறுதரப்பிலிருந்து வரும் வலுவான கேள்வி ஒன்றுண்டு. தட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள், காண்டினி ஒருவர்தானே? சொல்பவனில்லாமல் சுத்தியல் எதைத் தட்டும்? கேள்வி நியாயமானது. 250 ஜிடியின் குட்டை சேசிஸ் காரை வரைந்தது பினின் ஃபரினா, கட்டியது ஸ்காலியெட்டி. அங்கே வரைந்தவரின் கை ஓங்கித்தான் இருக்கிறது. தொழிலாளியைத் தெய்வமாக்கவும் நான் கேட்கவில்லை. கையால் செய்த அந்த உடல்களில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துப்போவதில்லை, கதவு இடுக்குகள் சீராக இல்லை, தகடு மெல்லியது, விரைவில் நெளியும். ஆனால் அந்த ஒத்துப்போகாமையே என் கட்சிக்குச் சான்று. ஒரு தாளிலிருந்து அச்சுப்போல எடுத்திருந்தால் 36 ஜிடிஓவும் ஒன்றாக இருந்திருக்கும். ஒன்றுக்கொன்று நுணுக்கமாக வேறுபடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன் நின்று ‘இது போதும்’ என்று முடிவெடுத்திருக்கிறான். அந்த முடிவுகளை எடுத்தவனுக்குப் படைப்பில் பங்கில்லை என்று எந்த நியாயத்தில் சொல்வது?

அந்தக் காலத்தில் அந்த உடல்களைச் செய்தவர்களே அவற்றை மாற்றத்தகாத சிலையாக நினைக்கவில்லை. 1964ல் ஜிடிஓவுக்குப் புது வடிவம் வந்தபோது, பழைய ஜிடிஓக்கள் சிலவற்றின் உடலைக் கழற்றிப் புது உடல் கட்டினார்கள். பந்தயத்தில் மோதி வந்த கார் பட்டறைக்குப் போய் வேறு முகத்தோடு திரும்புவது சாதாரணம். 1960களின் இறுதியில் ஜிடிஓ ஒரு பழைய பந்தயக் கார், சில ஆயிரம் டாலருக்குக் கிடைத்தது. ஒற்றை மேதையின் கையெழுத்து என்ற பேச்சு, விலை ஏற ஏறத்தான் வலுத்தது. ஓவியச் சந்தையில் பெயர் இருந்தால்தான் விலை. அந்தச் சந்தையின் பழக்கத்தைக் கார் வரலாற்றின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

இதில் இழப்பு வெறும் பெயர் விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஓவியங்கள் பத்திரமாக இருக்கின்றன. தட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. டிசைனர்களின் தாள்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயின. மரச் சட்டங்களும் கம்பி உருவங்களும் எத்தனையோ பட்டறைகளில் இடத்தை அடைக்கின்றன என்று எரிக்கப்பட்டன, வீசப்பட்டன. தட்டியவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று உட்கார்ந்து கேட்டுப் பதிவுசெய்ய வேண்டிய காலத்தில், கோடு இழுத்தது அவரா இவரா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஸ்காலியெட்டி 2011ல், பிட்ஸாரினி 2023ல் மறைந்துவிட்டார்கள். ஸ்காலியெட்டிக்கு ஃபெராரி 2004ல் 612 ஸ்காலியெட்டி என்று ஒரு காருக்குப் பெயரிட்டு மரியாதை செய்தது. அது நல்ல காரியம். அவருடைய பட்டறையில் தட்டியவர்களில் பலருக்கு அதுவும் இல்லை.

கார்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு காரைப் பற்றி எழுதும்போது ‘வடிவமைத்தவர்’ என்று ஒரே பெயரைப் போட்டுவிட்டு நகராதீர்கள். சேசிஸ் யாருடையது, பாடி எந்தப் பட்டறையில் கட்டியது, அந்த வளைவு எதற்காக வந்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்கும் கார்களுக்கு அத்தனை பெயரையும் எழுதுங்கள். 250 ஜிடிஓவுக்கு எழுத வேண்டியது இது: பிட்ஸாரினி தொடங்கினார், ஃபோர்கியேரி திருத்தினார், செர்ஜியோ ஸ்காலியெட்டியும் அவருடைய மொடெனா பட்டறைத் தொழிலாளர்களும் உடல் கட்டி முடித்தார்கள்.